சுவைத்தவர் பெயர்

தேபுலி பச்சை மிளகாய் தின்று நான்கு வருஷமாகிறது. கடுகை அரைத்துவிட்ட வெள்ளரிப் பச்சடி மூக்கில் சுர்ரென்று ஏறும் அந்த ஒரு நொடிக்காகவே மலைக்காரர்கள் மழைக்காலத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். அவள் வீட்டில் அது எல்லோர் தட்டிலும் உண்டு. அவள் தட்டில் மட்டும் வெறும் தயிர்.

"ஆட்டுக்குத் தழை போதும், விடு," என்பாள் மாமியார். "தழை மெல்றதுக்கு அரசாங்கம் கூலி குடுக்குதாம். எங்க காலத்துல ஆடுங்க சும்மாதான் மேஞ்சுதுங்க."

மிளகாயை விடும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே விட்டாள். ஏன் என்று கேட்டால் நாக்கு கெட்டுப்போகும் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் தனக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. 'வாயை மூடு' என்று கேட்டே வளர்ந்தவளிடம் ஒருநாள் ஒருத்தி வந்து 'வாயைத் திற' என்றிருந்தாள். அதன் பிறகு அந்த வாய்க்குள் கண்டதையும் போட அவளுக்கு மனம் வரவில்லை.

அப்படிச் சொன்னவள் டாக்டர் ரேவா பந்த். சிமல்கோட் ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளரிப் பிரிவு முழுவதும் அவள்தான். தேபுலி அங்கே தினக்கூலி. நிலையத்து வேலியோரம் காட்டு வெள்ளரி தானாகப் படர்ந்து கிடக்கும். காய் கோழிமுட்டை அளவு. கசப்போ, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் மழை பிடித்து, நோய் விழுந்து, ஊர் வெள்ளரியின் இலைகள் மஞ்சள் கட்டம் கட்டமாகக் கருகிச் சுருளும்போது, அது மட்டும் நேற்று முளைத்ததுபோல் பச்சையாக நிற்கும். ஊர் வெள்ளரியின் சுவையும் காட்டு வெள்ளரியின் வீம்பும் ஒரே கொடியில் வேண்டும். ரேவா இதற்காக ஒன்பது வருஷமாக மாலையில் பெண்பூவின் வாயை நூலால் கட்டி, காலையில் அவிழ்த்து, ஆண்பூவைத் தேய்த்து, தேனீ நுழையாமல் மறுபடி கட்டிச் சீட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

கசப்பைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய பாடு. காய்க்கும்வரை காத்திருந்தால் ஒரு பருவம் போய்விடும். அதனால் விதை முளைத்து இரண்டு வித்திலைகள் விரிந்ததுமே ஓரத்தில் நகமளவு கிள்ளி மென்று பார்ப்பார்கள். இலையே கசக்காத கொடியில் காய் ஒருநாளும் கசக்காது. வெயில் காய்ந்தாலும் சரி, தண்ணீர் தப்பினாலும் சரி. கலப்பு விதையில் நாலுக்கு ஒன்று அப்படித் தேறும். பெரிய ஊர் ஆய்வுக்கூடங்களில் இதைச் சொல்ல இயந்திரம் இருக்கிறதாம். சிமல்கோட்டில் தேபுலியின் நாக்கு இருந்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். காய்ந்த கேழ்வரகு ரொட்டியில் ஒரு துண்டு மென்று துப்ப வேண்டும். நூறு எண்ண வேண்டும். பிறகுதான் இலை. கசந்துவிட்டால் அடுத்ததற்கு முந்நூறு எண்ண வேண்டும். ஏனென்றால் கசப்பு சுலபத்தில் வெளியேறாது. அடிநாக்கில் குந்திக்கொண்டு, அடுத்து வரும் நல்லதையும் தன் ஆள் என்றே சொல்லும்.

முதலில் ரேவாதான் மென்றாள். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலக் காய்ச்சல் அவளைப் படுக்கையில் போட்டது. எழுந்து வந்த முதல் நாள் காலை, ஒரு இலையை மென்றுவிட்டு அவள் அப்படியே நின்றாள். இன்னொன்றை மென்றாள். பிறகு வேலிக்குப் போய்க் காட்டு வெள்ளரியின் இலையை முழுசாக வாயில் போட்டு மென்றாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. தூரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தேபுலி அதைப் பார்த்துவிட்டாள்.

"தேபுலி, இங்க வா. வாயைத் திற."

மாதங்கள் போயின. ரேவாவுக்கு மற்ற ருசியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. கசப்பு மட்டும் திரும்பவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள். தேபுலி சொல்லவில்லை.

பதிவேட்டில் மூன்று கட்டங்கள். நாற்று எண். கசப்பு உண்டா, இல்லையா. கடைசிக் கட்டம், சுவைத்தவர் பெயர். தேபுலி ஐந்தாவது வரை படித்தவள். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ரே.ப., ரே.ப. என்று இருந்ததை முதல் மாதமே படித்துவிட்டாள். அப்போது அவளுக்கு வந்தது கோபமில்லை, கூச்சம்தான். படித்ததற்காகத் தான்தான் பிடிபட்டுவிட்டதுபோல. பிறகு அடுப்பூதும்போதும், நெல் குத்தும்போதும் அந்த இரண்டெழுத்து நினைவில் வந்து ஏதோ செய்தது. அதன் பெயர் கோபம் என்று கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான்காயிரத்து இருநூறு இலை மென்றாள். நான்காயிரத்து இருநூறு ரே.ப.

அத்தனையிலும் தேறி வந்தது இருபத்துமூன்றாம் வரிசை.

அதைப் பார்க்கத்தான் அந்த மழைக்காலத்தில் டில்லியிலிருந்து குழு வந்தது. தலைவர் டாக்டர் மாத்தூர், கூட இரண்டு பேர். காவலாளி பிஷன் சிங் வாசற்கதவைத் திறந்துவிட்டபடி தேபுலியிடம் முணுமுணுத்தார். "டில்லிக்காரங்க வந்தா மழை நிக்கும்னாங்க. பாரு, கூடவே கூட்டிட்டு வந்திருக்காங்க."

"குடையை எடு தாஜ்யூ," என்றாள். அவரைவிட இருபது வயது சின்னவள், அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"ஒண்ணுதான் இருக்கு. நீயே பிடி. எனக்குக் கை உயராது."

அப்படித்தான் தேபுலி மாத்தூரின் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு வயலுக்குள் நடந்தாள். வலது பக்கமும் இடது பக்கமும் வரிசைகள் தீய்ந்த காகிதம்போல் தொங்கின. நடுவில் இருபத்துமூன்று, இலைக்கு இலை விரிந்து, மழையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றது. முழங்கை நீளக் காய்கள். மாத்தூர் அதைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டார் என்பதைத் தேபுலி கவனித்தாள்.

ஆனால் அவர் முதலில் போனது வேலிக்கு.

"இதுதான் அப்பனா?" என்று சிரித்து, ஒரு காட்டுக்காயைப் பறித்து, கூட வந்தவர் படமெடுக்க, நறுக்கென்று கடித்தார். அடுத்த நொடி துப்பினார். இருமினார். பிஷன் சிங் ஓடிப்போய்க் கொண்டுவந்த சர்க்கரைத் தேநீரை மளமளவென்று குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரேவா இருபத்துமூன்றாம் வரிசையின் காயை நறுக்கித் தட்டில் நீட்டினாள்.

முந்நூறு எண்ணலையே, என்று தேபுலிக்குள் ஒரு குரல் பதறியது.

மாத்தூர் மென்றார். முகம் சுளித்தது. "கசக்குது."

மற்ற இருவரும் துண்டை எடுப்பதற்குமுன் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "லேசா கசக்குது சார்." "அடிநாக்குல தெரியுது சார்."

"ஒன்பது வருஷம், டாக்டர் பந்த்," என்று மாத்தூர் பெருமூச்சுவிட்டார். "நோய் தாங்குது, சரி. கசக்குற வெள்ளரியை யார் திம்பா? இந்த வாரமே கொடியைப் பிடுங்கிடுங்க. இங்க குடைமிளகாய்க்குக் கூடாரம் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"பதிவேட்டுல நாலு தலைமுறையா கசப்பே இல்ல சார்..."

"பதிவேடு கிடக்கட்டும். இந்தாங்க, நீங்களே கடிச்சுப் பாருங்க. உங்க நாக்குதானே இதை நல்லதுன்னு எழுதுச்சு?"

ரேவா ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். தேபுலி அவள் தாடையையே பார்த்தாள். காகிதத்தை மெல்வதுபோல் மென்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கசந்தாலும் தெரியாது, கசக்காவிட்டாலும் தெரியாது. ஒன்பது வருஷத்தை வாயில் வைத்துக்கொண்டு அது என்ன சுவை என்று சொல்ல முடியாமல் நிற்கிறாள். தேபுலிக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. சொல்லிடுங்க மேடம், என் பேரைச் சொல்லிடுங்க, என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ரேவா அவள் பக்கம் பார்க்கவில்லை. "லேசா... இருக்கலாம் சார்," என்றாள்.

"இல்ல."

சொன்னது யார் என்று தேபுலியே ஒரு கணம் தேடினாள். குடை கையில் சரிந்து, மாத்தூரின் வழுக்கையில் மழை சொட்டியது.

"யாரது?"

"நான்தான் சாப். குடைக்காரி." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "காய் கசக்கல. உங்க வாய்தான் கசக்குது. வேலிக்காயைக் கடிச்ச வாயில பாயசத்தை ஊத்தினாலும் கசக்கத்தான் செய்யும்."

பிஷன் சிங்குக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

"டாக்டர் பந்த், உங்க கூலியாளுங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"மேடத்துக்காகவும் நான்தான் பேசணும் சாப். நாலு வருஷமா அவங்களுக்குக் கசப்பு தெரியாது. அந்தப் பதிவேட்டுல இருக்குற ஒவ்வொரு இலையும் நான் மென்னது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ரேவாவின் முகம் வெளுத்துவிட்டது. சற்றுமுன் ரேவா தன்னைக் கைவிட்டாள். இப்போது தான் ரேவாவை. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு எண்ணம் வந்து, பச்சையாக நின்ற அந்த வரிசையைப் பார்த்ததும் திரும்பிப் போயிற்று. மன்னிப்புக் கேட்க இன்னொரு நாள் கிடைக்கும். கொடியைப் பிடுங்கிவிட்டால் கொடி கிடைக்காது.

"அப்போ பதிவேடே பொய்யா?" என்றார் மாத்தூர்.

ரேவா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சுவை பொய்யில்ல சார். பேர்தான் பொய்."

"நல்லா இருக்கு! அஞ்சாங்கிளாஸ் நாக்கை நம்பி நான் ஒரு ரகத்தை வெளியிடணுமா?"

"என் நாக்கு பள்ளிக்கூடத்துக்குப் போகல சாப். நான்தான் போனேன்," என்றாள் தேபுலி. "சந்தேகம்னா சோதிச்சுப் பாருங்க."

"சரி. பத்து நிமிஷம் தர்றேன்."

"பத்து நிமிஷத்துல ரெண்டு இலை பார்க்கலாம். நாளைக்குக் காலைல வாங்க. வெறும் வாயோட வாங்க, டீகூடக் குடிக்காம. நீங்களும் மெல்லணும்."

"நானா?"

"கசப்புன்னு சொன்னது நீங்கதானே?"

மாத்தூர் சாயங்காலமே கிளம்பியிருப்பார். ஆனால் ஓட்டுநர் வந்து, கீழ் வளைவில் சரிவு இடிந்து பாதை அடைபட்டிருக்கிறது, நாளை மதியம்தான் திறக்கும் என்றார்.

"மலையும் ஒரு வார்த்தை சொல்லிடுச்சு," என்றார் பிஷன் சிங், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் காலை நாற்றுக்கொட்டகையில் இருபது நாற்றுகள் மேசையில் நின்றன. பிஷன் சிங் பசுமைக்குடிலிலிருந்து தட்டுகளைத் தூக்கிவந்து வைக்க, மாத்தூரின் உதவியாளர்களில் ஒருவர் அவற்றிலிருந்து தன் இஷ்டத்துக்குப் பொறுக்கியவை. இருபத்துமூன்றாம் வரிசையின் விதையிலிருந்து சில, வேலிக்காட்டுச் செடியிலிருந்து சில, கலப்பில் ஏற்கனவே தெரிந்தவை சில. சீட்டுகளைக் காகிதத்தால் மூடி, மேலே எண் போட்டிருந்தார். எது எது என்ற பட்டியல் மாத்தூரின் சட்டைப்பையில்.

ரேவா பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். தேபுலி இலையைத் தொடவில்லை.

"முதல்ல பேரு எழுதுங்க மேடம்."

"முடிச்சிட்டு எழுதலாமே, தேபுலி."

"இப்பவே. சரியாச் சொன்ன பிறகு எழுதுனா அது பரிசு மாதிரி. எனக்குப் பரிசு வேண்டாம். தப்பாச் சொன்னாலும் என் பேர்லயே தப்பா இருக்கட்டும்."

ரேவா எழுதினாள். இருபது கட்டத்திலும் எழுதினாள். நேற்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு தண்ணீர், ரொட்டி, எண்ணிக்கை, இலை. உதவியாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டார்கள். கண்ணை மூடியிருந்த தேபுலிக்கு அதெல்லாம் எங்கோ நடந்தது. அவளுக்கு இலையை மெல்லும்போது ஒரு இருட்டறைக்குள் போய்க் கைவிளக்கைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இருக்கும். முன்நாக்கில் பச்சை வாசனை. நடுநாக்கில் தண்ணீர். கடைசியில் அடிநாக்கின் வாசலில் யாராவது நிற்கிறார்களா? இல்லை. இனிப்பு என்று சொல்ல முடியாது. கசப்பு இல்லாமை, அவ்வளவுதான். அந்த இல்லாமையைத்தான் அவள் நான்கு வருஷமாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிநேரம் கழித்து மாத்தூர் பட்டியலைப் பிரித்தார். ஒன்று சரி. இரண்டு சரி. பதின்மூன்றுவரை எல்லாம் சரி. பதினாலில் நின்றார்.

"பதினாலு கசப்புன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"சீட்டுல இருபத்துமூணாம் வரிசைன்னு இருக்கு." மீதி ஆறும் சரியாக இருந்தன. மாத்தூர் பட்டியலை மடித்தார். குரலில் கேலி இல்லை, அதனாலேயே அது கனமாக விழுந்தது. "இருபதுக்குப் பத்தொன்பது. உங்க நாக்கு மோசமில்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த நாக்கே உங்க வரிசைக்குள்ள கசப்பு இருக்குன்னு சொல்லிடுச்சே?"

ரேவா எழுந்து அவளருகே வந்தாள். "இன்னொரு தடவை மெல்லு, தேபுலி," என்றாள் தாழ்ந்த குரலில். "அவசரமில்ல. ஒருவேளை முன்னாடி மென்னதோட கசப்பா இருக்கலாம். இருக்கலாம்ல?"

கண்கள் கெஞ்சின. நேற்று தேபுலியின் கண்கள் கெஞ்சியதுபோலவே.

தேபுலி கொப்பளித்தாள். ரொட்டியை மென்றாள். முந்நூறு எண்ணினாள். எண்ணும்போதே மனம் கணக்குப் போட்டது. கசக்கலை என்று ஒரு வார்த்தை. வரிசை பிழைக்கும், மேடம் பிழைப்பாள், எல்லோரும் தேநீர் குடிக்கப் போகலாம். பதினாலாம் நாற்றின் இலையை மென்றாள். அடிநாக்கில் அது வந்து குந்தியது. காட்டுக்கசப்பு, கலப்பே இல்லாதது. இதை இல்லை என்று சொன்னால் இந்த நாக்கும் அந்தக் கடைசிக் கட்டமும் ஒன்றாகிவிடும்.

"கசக்குது," என்றாள். "வரிசையில கசப்பு இல்ல. சீட்டுதான் தப்பு."

"சீட்டு தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நாக்கு சொல்லுது. நீங்களும் வெறும் வாயோடதானே வந்திருக்கீங்க? மென்னு பாருங்க."

அவர் மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மாத்தூரும் ஒரு காலத்தில் நாற்று மென்றவர்தானோ என்னவோ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொப்பளித்து, கேழ்வரகு ரொட்டியை மென்று, உதட்டசைத்து நூறுவரை எண்ணினார். முதலில் வேறொரு இருபத்துமூன்றாம் வரிசை நாற்று. மென்றார். புருவம் உயர்ந்தது. நேற்றுக் கசந்தது இன்று கசக்கவில்லை. மறுபடி எண்ணிவிட்டுப் பதினாலு. அவர் முகம் நேற்று வேலியோரம் சுளித்த மாதிரியே சுளித்தது.

"வேலிச்செடி," என்றார், தன்னையறியாமல்.

அப்போது வாசலில் பிஷன் சிங் தொப்பியைக் கழற்றினார். "சாப், அது வந்து... காலைல தட்டைத் தூக்கிட்டு வரும்போது படியில வழுக்கிடுச்சு. நாலஞ்சு நாத்து சீட்டோட கொட்டிப்போச்சு. எடுத்து வச்சேன். சீட்டையும் குத்தி வச்சேன். எதுக்கு எதுன்னு..." தலையைச் சொறிந்தார். "எல்லாம் வெள்ளரிதானேன்னு விட்டுட்டேன்."

"தாஜ்யூ!"

"திட்டாதே. திட்டுனா இன்னும் ரெண்டு தட்டு கொட்டிப்போச்சுன்னு சொல்லிடுவேன்."

தேபுலிக்குச் சிரிப்பு வரவில்லை. மூளை ஓடியது. "அப்போ இங்க இருக்க வேண்டிய எங்க நாத்து, வேலிச்செடின்னு சீட்டுக் குத்திக்கிட்டு அந்தத் தட்டுல உட்கார்ந்திருக்கும். கசக்காம."

காட்டு வெள்ளரித் தட்டில் பன்னிரண்டு நாற்றுகள் மீதம் இருந்தன. அத்தனையும் கசந்தே ஆகவேண்டிய தட்டு. தேபுலி ஒவ்வொன்றாக மென்றாள். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு எண்ணினாள். நாக்கு மரத்தது, கண்ணில் நீர் வந்தது. கீழே பாதை திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. யாரும் எழவில்லை. ஒன்பதாவதை மென்றதும் அவள் கண்ணைத் திறந்தாள். அந்த நாற்றை மாத்தூர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் முறைப்படி எண்ணி, மென்றார். மெதுவாக விழுங்கியும்விட்டார்.

"வரிசை நிக்கட்டும்," என்றார் கடைசியில். "குடைமிளகாயை வேற எங்கயாவது போட்டுக்கலாம். அடுத்த வருஷம் மூணு ஊர்ல பெரிய அளவுல போட்டுப் பார்ப்போம்." கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் தயங்கினார். "அறிக்கையில 'சுவைக்குழு'ன்னு போட்டுக்கலாமா? தினக்கூலி பேரைப் போட வழக்கமில்ல."

தேபுலி வாயைத் திறப்பதற்குள் ரேவா சொன்னாள். "வழக்கம் எனக்கும் தெரியும் சார். நாலு வருஷமா அந்த வழக்கத்தைத்தான் நான் எழுதிக்கிட்டிருந்தேன்." பதிவேட்டின் பழைய பக்கத்தைத் திருப்பி, முதல் ரே.ப.வை ஒரு கோட்டால் அடித்தாள். பேனாவைத் தேபுலியிடம் நீட்டினாள். "நான் எழுதுனா மறுபடியும் என் கையெழுத்தா இருக்கும். நீயே எழுது."

கட்டம் இரண்டெழுத்துக்குப் போட்டது. தேபுலி தாஸிலா என்ற பெயர் அதற்குள் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போயிற்று. அவள் எழுத்தைச் சுருக்கவில்லை. மாத்தூர் சற்று நேரம் பார்த்துவிட்டு, அறிக்கையில் அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்டார்.

ஜீப் போனபின் தேபுலி வயலுக்குள் இறங்கினாள். இருபத்துமூன்றாம் வரிசையில் விதைக்கு விடாத ஒரு காயாகப் பார்த்துத் திருகிப் பறித்தாள். ஆராய்ச்சிக் காயைக் கூலியாட்கள் தின்னக்கூடாது. பறித்தது எது, எடை எவ்வளவு, போனது எங்கே என்று எழுதும் நோட்டோடு பிஷன் சிங் வரப்பில் நின்றார்.

"ஏய், என்னது இது? எழுதணும்டி."

தேபுலி புடவையில் துடைத்து, பாதியை முறித்து, பின்னால் வந்து நின்ற ரேவாவிடம் நீட்டினாள். ரேவா வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடித்தார்கள். ரேவாவுக்கு அது வெறும் குளிர்ச்சி. ஆனாலும் கடைசித் துண்டுவரை மென்றாள்.

"எழுதிக்கோ தாஜ்யூ," என்றாள் தேபுலி, வாய் நிறைய. "தின்னது யாருன்னு கட்டம் போட்டு எழுதிக்கோ. கட்டம் கொஞ்சம் பெரிசாவே போடு."